வெஸ்ட்மின்ஸ்டர் நிலையம்: பிக் பென் பக்கத்தில் 39 மீட்டர் பள்ளம்

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் சுரங்க ரயில் நிலையத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் பிளாட்பாரத்திலிருந்து ஜூபிலி லைனுக்கு எஸ்கலேட்டரில் இறங்கினால், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் பெரிய பெரிய எஃகுக் குழாய்கள் குறுக்கே ஓடுவது தெரியும். ஒவ்வொன்றும் 660 மில்லிமீட்டர் விட்டம். காற்றோட்டக் குழாய் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டடக் கலைஞர் அழகுக்காக வைத்தது என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அவை முட்டுகள். எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களும் உள்ளே நெருங்கிவிடாமல் தாங்கிப் பிடிப்பவை. அவற்றில் ஒன்றைக் கழற்றினால் சுவர் கொஞ்சம் நகரும். சுவர் நகர்ந்தால் பின்னாலுள்ள களிமண் நகரும், அந்தக் களிமண்ணின் மேல்தான் பிக் பென் மணி தொங்கும் கோபுரம் நிற்கிறது.

இந்த நிலையத்தின் கட்டடக் கலையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கான்கிரீட்டின் சாம்பல் நிறத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிக் கதை. கண்ணில் படும் வடிவம் ஏறக்குறைய முழுவதும் மண்ணியல் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தால்தான் கட்டடம் புரியும்.

1868: தெருவுக்கு அடியில் ஒரு பள்ளம்

முதல் நிலையம் 1868 டிசம்பர் 24 அன்று திறக்கப்பட்டது. அன்றைய பெயர் வெஸ்ட்மின்ஸ்டர் பிரிட்ஜ். மெட்ரோபாலிட்டன் டிஸ்ட்ரிக்ட் ரயில்வே சவுத் கென்சிங்டனிலிருந்து போட்ட பாதை அங்கே முடிந்தது. பொறியாளர் ஜான் ஃபௌலர். வெட்டி மூடும் முறைதான்: தெருவைத் தோண்டி, இரு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே கூரை போட்டு, தெருவைத் திரும்ப மூடுவது. நீராவி எஞ்சின் ஓடிய காலம் என்பதால் புகை வெளியேற ஆங்காங்கே திறந்த இடம் வேண்டும். ஆகவே பாதை ஆழமாகப் போக முடியாது. தெரு மட்டத்திலிருந்து சில மீட்டர் கீழேயே இருந்தாக வேண்டும். இந்த ஆழக்குறைவு 120 ஆண்டு கழித்து வந்தவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது.

1870 மே 30 அன்று பாதை பிளாக்ஃப்ரையர்ஸ் வரை நீண்டது. அந்த நீட்டிப்பு தேம்ஸ் கரையில் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா எம்பாங்க்மென்ட்டுக்கு உள்ளேயே போனது. ஆற்றின் ஓரத்தைச் சுவர் கட்டி நிரப்பி, அந்த நிரப்பலுக்குள் கழிவுநீர்க் கால்வாயையும் ரயிலையும் சேர்த்துப் புதைத்தார்கள். 1905இல் மின்சார ரயில் வந்தது. 1907இல் பெயர் வெஸ்ட்மின்ஸ்டர் என்று சுருங்கியது. 1920களின் முற்பகுதியில் கட்டடக் கலைஞர் சார்லஸ் ஹோல்டன் வாசல்களைப் புதுப்பித்தார். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

ஜூபிலி லைன் ஏன் இங்கே வந்தது

1979 மே 1 அன்று ஜூபிலி லைன் திறக்கப்பட்டபோது அது சேரிங் கிராஸில் முடிந்தது. அங்கிருந்து கிழக்கே ஃப்ளீட் தெரு வழியாக நீட்டுவதுதான் பழைய திட்டம். 1980களின் இறுதியில் கிழக்கு லண்டனின் பழைய துறைமுகப் பகுதியில் கேனரி வார்ஃப் என்ற அலுவலக வளாகம் எழுந்ததும் கணக்கு மாறியது. புதிய பாதை கிரீன் பார்க்கில் பிரிந்து, வெஸ்ட்மின்ஸ்டர், வாட்டர்லூ, லண்டன் பிரிட்ஜ் வழியாக ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. சேரிங் கிராஸின் ஜூபிலி பிளாட்பாரங்களில் பயணிகள் சேவை திறந்த இருபது ஆண்டிலேயே, 1999 நவம்பரில், முடிந்துபோனது.

நீட்டிப்பின் தலைமைக் கட்டடக் கலைஞர் ரோலண்ட் பாவொலெட்டி. ஹாங்காங் மெட்ரோவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லா நிலையத்துக்கும் ஒரே அச்சு வேண்டாம், ஒவ்வொன்றையும் வேறொரு கட்டடக் கலைஞரிடம் கொடுக்கலாம் என்றார். கேனரி வார்ஃப் நார்மன் ஃபாஸ்டருக்கு, நார்த் கிரினிச் வில் ஆல்சப் அலுவலகத்துக்கு, சதர்க் ரிச்சர்ட் மெக்கார்மக்குக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் மைக்கேல் ஹாப்கின்ஸுக்கு. ஹாப்கின்ஸிடம் இன்னொரு வேலையும் இருந்தது. நிலையத்துக்கு நேர் மேலே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான அலுவலகக் கட்டடம், போர்ட்கல்லிஸ் ஹவுஸ், வரப்போகிறது. மேலேயும் கீழேயும் ஒரே கை என்பது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். வேறு வேறு ஆட்களாக இருந்திருந்தால், தூண் எங்கே இறங்குவது என்ற சண்டையிலேயே ஓரிரு ஆண்டு ஓடியிருக்கும்.

இடம் விதித்த நிபந்தனைகள்

தெற்கே பிரிட்ஜ் தெரு, அதைத் தாண்டினால் நாடாளுமன்ற அரண்மனையும் கோபுரமும். கிழக்கே தேம்ஸ். நடுவில், தெருவுக்குச் சற்றுக் கீழே, தினமும் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் லைன் தடங்கள். அதுவும் மனையின் ஓரமாக அல்ல, கோணலாகக் குறுக்கே. அந்த ரயில்களை நிறுத்தக் கூடாது.

அரண்மனை அடியில் எதுவும் போடக் கூடாது என்பதால் புதிய சுரங்கங்களுக்குக் கிடைத்தது பிரிட்ஜ் தெருவின் அகலம் மட்டும். வழக்கமாக இரண்டு பிளாட்பாரச் சுரங்கங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுவில் நடைகூடம் விடுவார்கள். இங்கே அதற்கு இடமில்லை. ஆகவே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள்: மேலே கிழக்கு நோக்கிப் போகும் ரயில், கீழே மேற்கு நோக்கிப் போகும் ரயில். கீழ்ப் பிளாட்பாரம் தெருவிலிருந்து சுமார் 32 மீட்டர் ஆழம்.

அடுக்கியதால் அகலம் மிச்சமானது. ஆனால் ஆழம் கூடியது. அவ்வளவு ஆழத்துக்கு எஸ்கலேட்டரும் லிஃப்ட்டும் காற்றோட்ட அறைகளும் எங்கே வைப்பது? சுரங்கங்களுக்கு வடக்கே, போர்ட்கல்லிஸ் ஹவுஸ் மனைக்கு அடியில், ஒரு பெரிய பெட்டி. ஆழம் 39 மீட்டர். மத்திய லண்டனில் அதுவரை யாரும் அவ்வளவு ஆழம் தோண்டியதில்லை. பெட்டியின் விளிம்பிலிருந்து கோபுரத்தின் அடித்தளம் 34 மீட்டர் தூரத்தில். பள்ளத்தின் ஆழம் தூரத்தை விட அதிகம். மண் வேலை தெரிந்த யாருக்கும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

பெட்டியைத் தோண்டிய விதம்

முதலில் செய்தது தோண்டுவது அல்ல, பழைய தடத்தை இறக்குவது. மேலே வரும் கட்டடத்தின் தரைத்தளத்துக்கு இடம் போதவில்லை. டிஸ்ட்ரிக்ட் லைன் தடத்தை 300 மில்லிமீட்டர் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. அதை ஒரே மூச்சில் செய்ய வழியில்லை. ரயில் ஓடாத இரவு நேரத்தில் கொஞ்சம் இறக்கி, காலையில் முதல் வண்டிக்குத் தடத்தை ஒப்படைத்து, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் என்று சிறு சிறு படிகளாக இறக்கினார்கள். காலையில் வண்டி ஏறியவர்களுக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அடுத்து சுற்றுச்சுவர். 1 மீட்டர் கனமுள்ள டயஃப்ரம் சுவர். தெரியாதவர்களுக்காக: தரையிலிருந்தே ஒடுக்கமான ஒரு ஆழ்பள்ளத்தைத் துண்டு துண்டாகத் தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட பென்டோனைட் களிக்குழம்பை ஊற்றி நிரப்பிக்கொண்டே போவார்கள். அந்தக் குழம்பின் அழுத்தம்தான் பள்ளத்தின் பக்கங்களைச் சரியாமல் பிடிக்கும். முழு ஆழம் போனதும் கம்பிக் கூட்டை இறக்கி, அடிவரை போகும் குழாய் வழியாகக் கான்கிரீட்டைக் கீழிருந்து மேலாக நிரப்புவார்கள். கனமான கான்கிரீட் கீழே சேரச் சேர, லேசான பென்டோனைட் மேலே வந்து வெளியேறும். இதில் தவறு நேர்வது பெரும்பாலும் துண்டுகள் சேரும் இடத்தில். பென்டோனைட்டில் மணல் அதிகம் கலந்துவிட்டால் அது இணைப்பில் படிந்து, பின்னால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். குழாயின் வாய் கான்கிரீட்டுக்குள் புதைந்தபடியே இருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே இழுத்துவிட்டால் நடுவில் களி புகுந்து, சுவரின் அந்த மட்டம் வெறும் சேறாகிவிடும்.

சுவரும் அடித்தளத் தூண்களும் முடிந்த பிறகே உள்ளே தோண்டினார்கள், மேலிருந்து கீழாக. ஒரு மட்டம் தோண்டி, அங்கே முட்டு அல்லது தளம் போட்டு, அதற்கு அடியில் அடுத்த மட்டம். சாதாரண அடித்தளக் கட்டுமானத்தில் ஒவ்வொரு மட்டத்திலும் போடும் முழுத் தளமே சுவருக்கு முட்டாகிவிடும். இங்கே நடுவில் பெரிய வெற்றிடம் வேண்டும், எஸ்கலேட்டர்கள் அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். முழுத் தளம் போட்டால் வெற்றிடம் போச்சு. அதனால்தான் அந்த 660 மில்லிமீட்டர் குழாய்கள். தளம் செய்யும் வேலையை அவை செய்கின்றன, இடத்தை அடைக்காமல்.

இன்னொரு நுட்பம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மேலிருந்து முட்டு போட்டுக்கொண்டே வந்தாலும், கடைசி மட்டத்தைத் தோண்டும்போது சுவரின் அடிப்பகுதிக்கு முட்டு இருக்காது. ஆழமான பள்ளங்களில் சுவர் அதிகம் வளைவது மேலே அல்ல, தோண்டும் மட்டத்தை ஒட்டித்தான். மேலே எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அடியில் அது உள்ளே தள்ளிக்கொண்டு வரும், நகர்ந்த பிறகு முட்டு போட்டுப் பயனில்லை. ஆகவே பள்ளம் அந்த ஆழத்துக்கு வரும் முன்பே, பெட்டியின் அடிமட்டத்தில், ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை சிறு சுரங்கங்கள் குடைந்து, அவற்றைக் கான்கிரீட்டால் நிரப்பி, ஜாக்கி வைத்து இறுக்கினார்கள். தோண்டாத மண்ணுக்குள் முட்டு முன்கூட்டியே தயாராகக் காத்திருந்தது. இந்த வேலையில் மிகவும் புத்திசாலித்தனமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு புகைப்படத்தில்கூட வராதது.

இவ்வளவு பாடு ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஈரக் களிமண் ஒரு கன மீட்டர் சுமார் 2 டன். 39 மீட்டர் ஆழம் தோண்டினால் பெட்டியின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறக்குறைய 78 டன் சுமையை எடுத்துவிடுகிறோம். கோபுரம் சுமார் 8,500 டன், அதன் அடித்தளம் 15 மீட்டர் சதுரம். அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 38 டன். பக்கத்தில் கோபுரத்தின் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு சுமையைத் தூக்கிவிட்டால், லண்டன் களிமண் சும்மா இருக்குமா? அடி மேலே பொங்கும், பக்கங்கள் உள்ளே வரும், சுற்றியுள்ள தரை பள்ளத்தை நோக்கிச் சாயும்.

சுரங்கம் விழுங்கிய மண்

பெட்டியைவிடக் கோபுரத்துக்கு நெருக்கமானவை பிரிட்ஜ் தெருவுக்கு அடியிலுள்ள சுரங்கங்கள். பெட்டிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் அவை ஓடுகின்றன. முதலில் ரயில் ஓடும் அளவுக்கு, 4.85 மீட்டர் விட்டத்துக்குக் குடைந்து, பிறகு பிளாட்பாரம் வரும் நீளத்தில் பெரிதாக்கினார்கள்.

சுரங்கம் குடையும்போது அதன் கன அளவைவிடக் கொஞ்சம் அதிக மண் உள்ளே வந்துவிடும். தோண்டும் முனையான முகப்பில் மண் பிதுங்கும், அதற்குப் பின்னால் தாங்கி நிற்கும் எஃகுக் கவசத்தைச் சுற்றி இடைவெளி மூடும். அந்த உபரி மண்தான் மேலே தரைத் தாழ்வாகத் தெரிவது. லண்டன் களிமண்ணில் திட்டமிடும்போது சுரங்கத்தின் குறுக்களவில் 2 சதவீதம் வரை என்று வைத்துக்கொள்வார்கள். வெஸ்ட்மின்ஸ்டருக்கு மேற்கே செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில், மேலே கட்டடம் எதுவும் இல்லாத இடத்தில், இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அளவுக் கருவிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். 1995இல் மேற்குத் தடச் சுரங்கம் அந்த வழியாகப் போனது. கிடைத்த எண் 3.3 சதவீதம்.

2க்கும் 3.3க்கும் வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். 4.85 மீட்டர் சுரங்கத்தின் குறுக்களவு சுமார் 18.5 சதுர மீட்டர். 2 சதவீதம் என்றால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.37 கன மீட்டர் மண் காணாமல் போகும். 3.3 சதவீதம் என்றால் 0.61 கன மீட்டர். பிறகு ஆராய்ந்தபோது இரண்டு காரணங்கள் முன்னே வந்தன. ஒன்று, திறந்த முகப்புக் கவசத்துக்கு முன்னால் தாங்கல் இல்லாமல் கூடுதல் தூரம் தோண்டிக்கொண்டு போனது. இரண்டு, அந்த இடத்தில் களிமண்ணுக்குள் வண்டலும் மணலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் கலந்திருந்தது. வேகமாகத் தோண்டும் ஆசையும் மண்ணின் சிறு வேறுபாடும் சேர்ந்தால் கணிப்பு இப்படித்தான் தவறும். நல்லவேளை, அது பூங்காவில் தெரிந்தது, கோபுரத்தின் அடியில் அல்ல.

கோபுரத்தின் முன்கதை

1859இல் முடிந்த இந்தக் கோபுரம் 2012 வரை கடிகாரக் கோபுரம், அதன் பின் எலிசபெத் டவர். பிக் பென் என்பது உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர், ஊர் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். உயரம் 96 மீட்டர். அடியில் 3 மீட்டர் கனமுள்ள கம்பியில்லாக் கான்கிரீட் மேடை. நிலையம் வரும் முன்பே வடமேற்குப் பக்கம் 250க்கு 1 என்ற அளவில் சாய்ந்திருந்தது. புதிய பள்ளமும் அதே வடக்கில்தான்.

இதே கோபுரத்துக்கு இது இரண்டாவது சோதனை. 1970களின் தொடக்கத்தில் நாடாளுமன்ற முற்றத்தின் அடியில் ஐந்து அடுக்குக் கார் நிறுத்தம் கட்டினார்கள், 18.5 மீட்டர் ஆழம். அதன் சுவர் கோபுரத்திலிருந்து 16 மீட்டர் தூரத்தில், 1097இல் கட்டத் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலிருந்து வெறும் 3 மீட்டர் தூரத்தில். அந்த வேலையில் மண் நகர்வைக் கணித்து அளந்தவர் மண் பொறியாளர் ஜான் பர்லண்ட். அங்கே கிடைத்த அளவுகள் ஒன்றைத் தெளிவாக்கின: மிகச் சிறிய நகர்வுகளில் லண்டன் களிமண், ஆய்வகச் சோதனை காட்டுவதைவிட வெகு விறைப்பாக நடந்துகொள்கிறது. இருபது ஆண்டு கழித்து ஜூபிலி வேலையிலும் கோபுரத்தைக் கவனிக்க பர்லண்டே வந்தார். அதே காலத்தில் பைசா சாய்ந்த கோபுரத்தை மீட்கும் குழுவிலும் அவர் இருந்தார். ஒரு கோபுரத்தைக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும், இன்னொன்றைச் சாயவிடாமல் பிடிக்க வேண்டும்.

கிரவுட் செலுத்திய கணக்கு

சாய்வை அளக்கக் கடிகார முகத்தின் மட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், தரையிலிருந்து 55 மீட்டர். அந்த உயரத்தில் கோபுரம் எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்பதே எல்லாருக்கும் பொதுவான எண். கோபுரத்துக்குள் நேர்க்குத்தாகப் பார்க்கும் ஒளிக்கருவி, சாய்வுணரிகள், அடித்தளத்தில் மட்டப் புள்ளிகள் என்று ஒன்றை ஒன்று சரிபார்க்கும் அளவீடுகள். வெயிலும் குளிரும் மாறும்போதே கோபுரம் சில மில்லிமீட்டர் அசையும். அதைத் தனியே பிரிக்கத் தெரியாவிட்டால், மதிய வெயிலைப் பார்த்து மண்ணுக்குள் கிரவுட், அதாவது இறுகும் சிமென்ட் குழம்பு, ஏற்றிவிடுவோம். அதனால் வேலை தொடங்கும் முன்பே நீண்ட நாள் அளந்து, கோபுரத்தின் இயல்பான அசைவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாகக் கூடும் சாய்வுக்கு வரம்பு 35 மில்லிமீட்டர். இதை அடித்தளத்துக்குக் கொண்டுவந்தால் இப்படி: 55 மீட்டருக்கு 35 மில்லிமீட்டர் என்றால், 15 மீட்டர் அகல மேடையின் வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிட 9.5 மில்லிமீட்டர் கூடுதலாகத் தாழ்கிறது. ஒரு சுண்டு விரலின் கனம்கூட இல்லை. மேலே 1 மில்லிமீட்டர் திருத்த, கீழே ஒரு விளிம்பை 0.27 மில்லிமீட்டர் தூக்கினால் போதும்.

தூக்கிய முறைக்குப் பெயர் ஈடுசெய் கிரவுட்டிங். முதலில் ஒரு நிலைக்குத்துக் கிணறு இறக்குவார்கள். அதன் சுவரிலிருந்து கோபுரத்தின் அடித்தளத்துக்குக் கீழே, விசிறி விரித்தாற்போல், கிடைமட்டமாக 50 மீட்டர் நீள எஃகுக் குழாய்கள் செருகப்பட்டன. சுரங்கத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் அந்த விசிறி கிடக்கும். ஒவ்வொரு குழாயிலும் சீரான இடைவெளியில் துளைகள், துளை மேல் இறுக்கமான ரப்பர் உறை. உள்ளிருந்து அழுத்தினால் உறை விலகிக் கிரவுட் வெளியே போகும், அழுத்தம் நின்றதும் உறை மூடிக்கொள்ளும், மண் உள்ளே வராது. எந்தத் துளையில் செலுத்த வேண்டுமோ அதற்கு இரு பக்கமும் ஊதிப் பெருக்கும் அடைப்பான்களை நிறுத்தி, அந்த ஒன்றை மட்டும் திறப்பார்கள். முடிந்ததும் குழாயைக் கழுவிவிட்டால் அதே துளையை நாளைக்கும் பயன்படுத்தலாம். கழுவ மறந்தால் கிரவுட் உள்ளேயே இறுகி, அந்தத் துளை அதோடு முடிந்தது.

முதல் சுற்றில் கோபுரம் அசையவே அசையாது. மண்ணிலுள்ள தளர்வை நிரப்பி, அதை இறுக்குவதற்கே அந்தச் சுற்று போய்விடும். இறுகிய பிறகுதான் அடுத்து செலுத்தும் ஒவ்வொரு லிட்டரும் மேலே தெரியும். தாள் கணக்கில், ஒரு விளிம்பை 0.27 மில்லிமீட்டர் தூக்க 225 சதுர மீட்டர் மேடைக்கு அடியில் சுமார் 30 லிட்டர் இடம் போதும். நடைமுறையில் அதைப் போலப் பல மடங்கு போகும். களிமண் அமுங்கும், கிரவுட்டின் தண்ணீர் பிரிந்துபோகும், கொஞ்சம் வேண்டாத பக்கம் பிளந்துகொண்டு ஓடும்.

1996 ஜனவரி முதல் 1997 செப்டம்பர் வரை, தோண்டும் வேலைக்கு ஈடுகொடுத்து, கிரவுட் பலமுறை செலுத்தப்பட்டது. பள்ளம் இறங்கும்போது சாய்வு கூடும், கிரவுட் போனதும் கொஞ்சம் குறையும். வரைபடத்தில் பார்த்தால் ரம்பத்தின் பல்போல் இருக்கும். வரம்புக்குக் கீழேயே ஒரு குறுகிய பட்டைக்குள் அதை வைத்திருந்தார்கள். கிரவுட் இல்லாமல் விட்டிருந்தால் 120 மில்லிமீட்டராவது சாய்ந்திருக்கும் என்பது பின்னால் போட்ட மதிப்பீடு. மேடையின் இரு விளிம்புக்கும் நடுவே சுமார் 33 மில்லிமீட்டர் வித்தியாசம்.

இந்த முறையில் கெட்டுப்போக வழிகள் பல. சுரங்க முகப்பு பக்கத்தில் இருக்கும்போது செலுத்தினால் கிரவுட்டின் அழுத்தம் கோபுரத்தைத் தூக்காது, முகப்பைத் தள்ளும், புதிதாகப் போட்ட சுரங்கச் சுவர் வளையங்களை நசுக்கும். ஆகவே முகப்பைச் சுற்றிச் செலுத்தக் கூடாத எல்லை ஒன்று வகுக்க வேண்டும். ஒரே துளையில் ஆசைப்பட்டு அதிகம் செலுத்தினால் ஓரிடம் புடைக்கும், கல் வேலை வெடிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, சாய்வைப் பூஜ்யமாக்கப் பார்ப்பது. வரம்புக்குள் இருக்கும் கோபுரத்தைத் தொடாமல் விடுவதற்குத்தான் அதிகக் கட்டுப்பாடு தேவை.

வெற்றிடத்துக்குள்

மேலே போர்ட்கல்லிஸ் ஹவுஸின் சிக்கல் வேறு மாதிரி. ரயில் தடம் கோணலாகக் குறுக்கே ஓடுவதால், கட்டடத்தின் உள்முற்றப் பக்கச் சுமையை இறக்க ஆறே ஆறு தூண்களுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்த ஆறையும் கான்கிரீட் வளைவுகளால் இணைத்து, மேலுள்ள தளங்களின் பாரத்தை அவற்றுக்குள் திருப்பினார்கள். முற்றத்தில் உட்கார்ந்து காபி குடிப்பவருக்கு அந்த வளைவுகள் பழைய மடாலயத்தின் சாயலாகத் தெரியலாம். அடியில் ரயில் ஓடுவதுதான் அவற்றுக்குக் காரணம்.

நிலையத்தில் மொத்தம் 17 எஸ்கலேட்டர்கள். தெருவிலிருந்து டிக்கெட் கூடம், அங்கிருந்து பழைய பிளாட்பாரங்கள், அவற்றின் அடியிலிருந்து பெட்டியின் வெற்றிடம். எஸ்கலேட்டர் ஒரு மட்டத்தில் இறக்கிவிடும், திரும்பி அடுத்ததைப் பிடிக்க வேண்டும், அது வேறு திசையில் போகும். முட்டுக் குழாய்களும் எஸ்கலேட்டர்களின் அடிவயிறும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர் பிரானேசி செதுக்கிய கற்பனைச் சிறைக்கூடங்களோடு ஒப்பிடாத விமர்சகர் குறைவு. ஒப்பீடு பொருத்தம்தான், ஆனால் பிரானேசியின் படிக்கட்டுகள் எங்கும் போய்ச் சேராது. இங்கே ஒவ்வொன்றும் எண்ணிப் பார்த்து வைத்தது. 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் மர எஸ்கலேட்டரில் பிடித்த தீயில் 31 பேர் இறந்தார்கள். 1989இல் தரைக்கடி நிலையங்களுக்குத் தனித் தீத்தடுப்பு விதிகள் வந்தன. எரியாத பொருட்கள், போதிய அகலம், தப்பிக்க மாற்று வழி என்பதெல்லாம் அதன் பின் பிறந்த நிலையங்களுக்குத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்ந்தவை. வெஸ்ட்மின்ஸ்டரில் மரமும் இல்லை, சுவரை மூடும் பலகைகளும் குறைவு. கான்கிரீட் கான்கிரீட்டாகவே நிற்கிறது. கசிவோ விரிசலோ வந்தால் நேராகப் பார்க்கலாம் என்பது பராமரிப்பவர்களுக்கு ஒரு வசதி.

ஜூபிலி பிளாட்பாரங்களில் ரயில் ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள் உண்டு. அவை கூரைவரை மூடியவை அல்ல. மேலே இடைவெளி விட்டிருப்பதால் ரயில் தள்ளிவரும் காற்று அதன் வழியே போய்விடும், பிளாட்பாரத்தில் நிற்பவர் மேல் முழு வேகத்தில் அடிக்காது. இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ரயில் நிற்கும் துல்லியம். வண்டி கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டால் இரண்டு கதவுகளும் பொருந்தாது.

உறுப்பினர்களுக்கு போர்ட்கல்லிஸ் ஹவுஸிலிருந்து அரண்மனைக்குத் தனிச் சுரங்க நடைபாதை இருக்கிறது. வாக்கெடுப்பு மணி அடித்தால் எட்டு நிமிடத்துக்குள் அவையில் இருக்க வேண்டும். அலுவலகக் கட்டடம் நிலையத்தின் தலைமேலேயே, தெருவுக்கு எதிரே, அமைய வேண்டியிருந்ததற்கு இந்த எட்டு நிமிடமும் ஒரு காரணம்.

1999இல் நீட்டிப்பு துண்டு துண்டாகத் திறந்தது. மே 14 அன்று கிழக்கு முனையில் தொடங்கி, டிசம்பர் 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிந்தது. மற்ற நிலையங்கள் எல்லாம் திறந்த பிறகும், இங்கே நிற்காமல் ரயில்கள் ஒரு மாதம் ஓடின. 2000ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு ஒன்பது நாள் மிச்சம். மேலுள்ள கட்டடம் 2001இல் திறந்தது. இரண்டும் சேர்ந்து அந்த ஆண்டு பிரிட்டனின் கட்டடக் கலைக்கான ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தன.

தோண்டி முடிந்த பிறகு

களிமண் உடனே அடங்காது. தோண்டியதால் மாறிய நீரழுத்தம் சமநிலைக்கு வரப் பல ஆண்டு ஆகும். சுரங்கமும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை மெல்ல இழுக்கும். கிரவுட் நிறுத்திய பிறகும் கோபுரம் அங்குலம் அங்குலமாக அல்ல, மில்லிமீட்டரின் பின்னங்களாக நகர்ந்துகொண்டே இருந்தது. சில ஆண்டுகளில் வேகம் குறைந்து, 55 மீட்டர் உயரத்தில் 35 மில்லிமீட்டரை ஒட்டி வந்து அடங்கியது. 2011இல் மொத்தச் சாய்வு 0.26 டிகிரி என்று செய்தி வந்தபோது, பிக் பென் விழப்போகிறது என்று தலைப்பு போட்டார்கள். 0.26 டிகிரி என்றால் 55 மீட்டர் உயரத்தில் சுமார் 250 மில்லிமீட்டர். அதில் 220 மில்லிமீட்டர், நிலையம் தோண்டும் முன்பே இருந்த 250க்கு 1 சாய்வு.

கோபுரம் அரண்மனையோடு சேரும் இடத்தில் சுவரில் விரிசல்கள் உண்டு. அவற்றைச் சாந்து பூசி அடைக்கத் தோன்றும். அடைக்கக் கூடாது. கோடையில் மூடி, குளிரில் திறந்து, இரண்டு கட்டடங்களும் தனித்தனியே அசைய அவைதான் இடம் கொடுக்கின்றன. அடைத்தால் அடுத்த குளிருக்குள் வேறோர் இடத்தில் புதிய விரிசல் விடும்.